வி-ஸ்ட்ராம் 650 எக்ஸ்டி: அடுத்த வி-ட்வின் செய்கிறவர்களுக்கு ஒரு கோவைக்காரனின் கோரிக்கை

சுசுகி வி-ஸ்ட்ராம் 650 எக்ஸ்டி பைக் புதிதாக இப்போது இந்தியாவில் கிடைக்காது. 2018-இல் 7.46 லட்சத்துக்கு வந்தது. 2020-இல் பிஎஸ்6 ஆனபோது 8.84 லட்சம். 2024-இல் அதே கம்பெனியின் வி-ஸ்ட்ராம் 800டிஇ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக எடுங்கள், என் வண்டியை மட்டும் கேட்காதீர்கள்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அதனால் ஒரு இன்ஜினைப் பார்த்தால் எத்தனை குதிரைத் திறன் என்பதைவிட, இதைக் கடைந்தெடுக்க எவ்வளவு வேலை பிடித்திருக்கும் என்பதுதான் முதலில் கண்ணில் படும். இதில் இருக்கும் வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர்களும் ‘வி’ எழுத்து மாதிரி விரிந்து நிற்பது, செலவு பிடித்த இன்ஜின். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தனித்தனி ஜோடி, டைமிங் செயின் இரண்டு. முன்னால் ஒரு சைலன்சர் குழாய், பின்னால் ஒன்று. சிலிண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பேரலல் ட்வினுக்கு ஒரே ஹெட் போதும். அதனால்தான் ஒவ்வொரு கம்பெனியாக அந்தப் பக்கம் போய்விட்டன. 1987 முதல் வி-ட்வினாகவே இருந்த ஹோண்டா டிரான்ஸால்ப் கூட 2023-இல் பேரலல் ட்வினாகத்தான் திரும்பி வந்தது.

அப்படியிருந்தும் இந்த 645 சிசி இன்ஜினை ஏன் கொண்டாடுகிறேன்? 1999-இல் சுசுகியின் எஸ்வி650 பைக்கில் பிறந்தது இது. 81 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 62.6 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவில் 90 டிகிரி கோணம். அந்தக் கோணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பிஸ்டன் மேலே போய் நிற்கும்போது இன்னொன்று பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும். முதன்மை அதிர்வு முழுவதையும் கிராங்க் (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) எடையே சமன்செய்துவிடுகிறது, அதிர்வை அடக்கத் தனியாக பேலன்சர் ஷாஃப்ட் வேண்டியதில்லை. 270 டிகிரி கிராங்க் போட்டால் பேரலல் ட்வினிலும் இதே துடிப்பு வரும், உண்மைதான். ஆனால் 800டிஇ-யின் 776 சிசி இன்ஜினுக்கு அதோடு இரண்டு பேலன்சர் ஷாஃப்ட் தேவைப்படுகிறது. அதையும் ஓட்டிப் பார்த்தேன். நல்ல வண்டி, இழுவையும் அதிகம். 650-இன் கைப்பிடியில் தெரியும் அந்த உயிர்ப்பு மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. இது ரசனை சார்ந்தது, யாரோடும் இதற்காகச் சண்டை போட மாட்டேன்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டால் அதிகம் மாற்றத் தேவையில்லை. வளைவுக்குள் வேகம் விழுந்தாலும் இன்ஜின் முக்காமல் ஏறும். 62 நியூட்டன் மீட்டர் டார்க் 6,500 ஆர்பிஎம்மில் என்று காகிதத்தில் இருக்கும், ஆனால் மூவாயிரத்திலேயே அதன் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. பின்னால் லாரி, முன்னால் பஸ், நடுவில் மழை என்றிருக்கும்போது இந்த அடக்கம்தான் காப்பாற்றுகிறது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே பக்கவாட்டுக் காற்று அறையும்போது 216 கிலோ எடை துணை நிற்கும். அதே எடையைப் பெட்ரோல் பங்க்கில் தள்ளி நகர்த்தும்போது முதுகு வேறு கதை சொல்லும்.

அதுதான் என் முதல் கோரிக்கை. 70 குதிரை போதும், நூறு வேண்டாம், எடை 200 கிலோவுக்குள் வரட்டும். முடியாது என்று சொல்ல இனி வழியில்லை. டுகாட்டி 2024-இல் காட்டிய 890 சிசி வி2 இன்ஜின் சுமார் 54 கிலோதான். அவர்கள் தங்கள் அடையாளமான டெஸ்மோ வால்வையே (ஸ்பிரிங்குக்குப் பதில் கேம்ஷாஃப்ட்டே வால்வை மூடும் முறை) அதில் விட்டுவிட்டு சாதாரண ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். பராமரிப்பை மனதில் வைத்து எடுத்த முடிவாகத்தான் எனக்குத் தெரிகிறது, துணிச்சலானதும்கூட.

பராமரிப்புதான் நான் அதிகம் பேச விரும்புவது. 650-இல் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். முன் சிலிண்டருக்கு ரேடியேட்டரை நகர்த்த வேண்டும், பின் சிலிண்டருக்கு டேங்க்கைத் தூக்கி, ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். அளந்து பார்க்கிற வேலை சின்னது, அங்கே போய்ச் சேருவதற்குத்தான் ஒரு பொழுது ஓடிவிடும். ரேடியேட்டரைக் கதவு மாதிரி ஒரு பக்கம் திறக்கும்படி கீல் வைத்துக் கொடுத்தால் என்ன? ஆயில் ஃபில்டர் இன்ஜினுக்கு முன்னால் திறந்தபடி நிற்கிறது. டயர் எறியும் கல்லுக்கு நேர் எதிரில். கீழே நல்ல அலுமினியத் தகடு போடாமல் மண்பாதையில் இறங்காதீர்கள்.

இதில் அப்படியே வைத்திருக்க வேண்டியவையும் நிறைய. கம்பி வீலில் டியூப்லெஸ் டயர்: பஞ்சரானால் ரோட்டோரத்தில் பத்து நிமிட வேலை. 800டிஇ-யில் டியூப். மனைவியும் பெட்டிகளும் ஏறினால் பின் சஸ்பென்ஷனைக் கையாலேயே திருகி இறுக்கும் குமிழ். 20 லிட்டர் டேங்க், நிதானமாகப் போனால் ஒரு டேங்க்கில் 400 கிலோமீட்டர் தாண்டும். சீட் உயரம் 835 மில்லிமீட்டர், 800டிஇ-யில் 855. இரண்டுமே நம் ஊர்க் கால்களுக்கு உயரம்தான். 800-க்குக் கீழே கொண்டுவாருங்கள், பெண்கள் இன்னும் நிறையப் பேர் இந்த ரக வண்டிக்கு வருவார்கள். பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க ஒரு பட்டன், நெடுஞ்சாலைக்கு க்ரூஸ் கன்ட்ரோல், இவை இரண்டையும் புதிதாகச் சேருங்கள். பெரிய திரை எனக்குத் தேவையே இல்லை.

2025 நவம்பரில் மிலானில் சுசுகி எஸ்வி-7ஜிஎக்ஸ் என்ற வண்டியைக் காட்டியதும் மனது நிறைந்தது. உள்ளே இதே 645 சிசி வி-ட்வின், 17 அங்குல வீல்கள், ரைட்-பை-வயர் (ஆக்சிலேட்டர் கேபிளுக்குப் பதில் மின்னணு இணைப்பு). இருபத்தைந்து வருடம் தாண்டியும் இந்த இன்ஜினை அவர்கள் கைவிடவில்லை.

அது இங்கே வந்தால் விலை? 350 சிசிக்கு மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம். பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பூட்டினால் சாமானியர் தொட முடியாது. இங்கேயே செய்ய முடியும் என்பதற்கு சாட்சி உண்டு. ஹார்லியின் ஸ்ட்ரீட் 750 ஹரியானாவில் பவாலில் செய்யப்பட்டது, 749 சிசி வி-ட்வின், 2014-இல் 4.1 லட்சம். 2020-இல் அந்தக் கதை முடிந்தது, ஆனால் அந்தத் திறமை நாட்டில்தான் இருக்கிறது. பெரிய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் ஒரு கேஸ்கெட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஹெட்டையும் கிராங்க்கையும் விடுங்கள், கேஸ்கெட், கேபிள், பிரேக் பேட் அளவுக்காவது இங்கேயே தயாராகட்டும்.

இப்போது பழைய 650 வாங்கப் போகிறவர்கள், கிலோமீட்டர் 24,000 தாண்டியிருந்தால் வால்வு பார்த்த பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். ரேடியேட்டர் பின்னல்களில் கல்லடி இருக்கிறதா, செயின் ஸ்ப்ராக்கெட் பல் கூராகிவிட்டதா என்று பாருங்கள். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.