‘கோல்ட் ஃபீட்’: பொருள் பார்க்க எந்த இணைய அகராதி நல்லது?

‘கெட் கோல்ட் ஃபீட்’ (get cold feet) என்ற ஆங்கில மரபுத்தொடருக்குத் ‘தயங்கு’ என்று குறித்துக்கொண்டால் பாதிப் பொருள்தான் கையில் இருக்கும். செய்வதென்று முடிவெடுத்து, ஏற்பாடும் ஆனபிறகு, கடைசி நேரத்தில் பயம் வந்து பின்வாங்குவதுதான் இது. முடிவே எடுக்காதவருக்கு இந்தத் தொடர் பொருந்தாது. இதை அகராதி தெளிவாகச் சொல்கிறதா என்பதுதான் முதல் சோதனை.

கேம்பிரிட்ஜ் இணைய அகராதி இதில் தேறிவிடுகிறது. ‘கெட்’, ‘ஹேவ்’ இரண்டு வினைகளோடும் சேர்த்தே தொடரைத் தருகிறது. திட்டமிட்ட காரியத்தைச் செய்யத் திடீரெனப் பயப்படுவது என்று விளக்கி, கல்யாணத்தை உதாரணம் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இத்தொடர் அதிகம் புழங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு பக்கமே போதும்.

மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதி இதைப் பன்மைப் பெயர்ச்சொல்லாகப் பதிகிறது. சின்னக் குறிப்புதான், ஆனால் அதைப் பார்த்தவர் ‘எ கோல்ட் ஃபீட்’ என்றோ ‘கோல்ட் ஃபூட்’ என்றோ எழுத மாட்டார். முதல் பயன்பாடு 1896 என்றும் தருகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேனின் ‘மேகி’ நாவலுடைய அந்த ஆண்டுப் பதிப்பில் இத்தொடர் இருக்கிறது. பனியில் கால் விறைத்த சிப்பாய்கள் போரிட மறுத்ததால் வந்தது என்று சில தளங்கள் சொல்லும் கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

எந்த அகராதியிலும் பொருளோடு நிறுத்தாமல் உதாரண வாக்கியங்களையும் படிக்க வேண்டும். பிழை வருவது தொடருக்குப் பின்னால்தான். ‘ஷி காட் கோல்ட் ஃபீட் அபவுட் செல்லிங் த ஹவுஸ்’ சரி. ‘கோல்ட் ஃபீட் டு செல்’ என்பது பொதுவாக வழங்குவதில்லை. ‘மை ஃபீட் ஆர் கோல்ட்’ என்று புரட்டிப் போட்டால் மரபுப்பொருள் போய், நிஜமாகவே கால் சில்லிட்டதாகிவிடும்.

மொழிபெயர்ப்புச் செயலிகளை இதற்கு நம்ப வேண்டாம். தொடரை மட்டும் தனியே கொடுத்தால் ‘குளிர்ந்த பாதங்கள்’ என்று வர வாய்ப்புண்டு. ‘மதில்மேல் பூனை’யும் இதற்கு ஈடாகாது, அது ‘சிட் ஆன் த ஃபென்ஸ்’ பக்கம் போகும். ‘செகண்ட் தாட்ஸ்’ மறுயோசனை. அதில் பயம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ‘டிராக் யுவர் ஃபீட்’ வேண்டுமென்றே இழுத்தடிப்பது. தமிழில் எழுதும்போது ‘கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கிவிட்டார்’ என்பதே பெரும்பாலும் சரியாக உட்காரும்.

இரண்டு தளங்களும் இலவசம். அவசரத்துக்குக் கேம்பிரிட்ஜ், இலக்கணமும் வரலாறும் வேண்டுமானால் மெரியம்-வெப்ஸ்டர்.