குழுக்களில் தானாகப் பதிவிடும் செயலிக்குப் பணம் கட்டும் முன்பு

பத்தமடைக் கோரைப்பாய்களை வாங்கி விற்பது எங்கள் தொழில். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்களுக்கு முகநூல் குழுக்கள் வழியாகத்தான் பெரும்பாலும் ஆர்டர் வரும். நாற்பது குழுக்களிலும் ஒவ்வொன்றாகப் படம் ஏற்றி முடிக்க இரவு பதினொரு மணி ஆகிவிடும். ஒரே சொடுக்கில் எல்லாக் குழுக்களிலும் பதிவிடலாம் என்று சொல்லி வண்ணார்பேட்டையில் ஒரு நிறுவனத்தார் விற்ற செயலியை நம்பி, 2024 பிப்ரவரியில் ஆண்டுச் சந்தாவாக 9,600 ரூபாய் கட்டினேன்.

ஏப்ரல் 22க்குப் பிறகு ஒரு பதிவுகூடப் போகவில்லை. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் குவியும் நேரம் அது. கேட்டபோதெல்லாம், "சர்வர் கோளாறு அண்ணாச்சி, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றே மூன்று வாரம் சொன்னார்கள்.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தங்கை மகன்தான் உண்மையைச் சொன்னான். வெளியார் செயலிகள் குழுக்களுக்குள் பதிவிடுவதற்கு இருந்த ஏபிஐ என்னும் வழியை 90 நாளில் மூடப்போவதாக முகநூலை நடத்தும் மெட்டா 2024 ஜனவரி 23 அன்றே வெளிப்படையாக அறிவித்திருந்தது. முகநூல் பக்கங்களில் பதிவிடுவதற்கான வழி மட்டும் தொடர்ந்தது. அப்படியென்றால், என்னிடம் பணம் வாங்கிய அன்றே அந்த வழி மூடப்படும் தேதி குறிக்கப்பட்டிருந்தது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரில் போனபோது, ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த 'கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்ற வரியைக் காட்டினார்கள். அதைவிட மோசம், வேறு வழியில் பதிவிட்டுத் தருவதாகச் சொல்லி என் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டதுதான். நான் கொடுக்கவில்லை, யாரும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

தளங்கள் கதவடைக்கும்போது நேர்மையாக நடந்துகொண்டவர்களும் உண்டு. 2023இல் ரெடிட் என்ற விவாதத் தளம் ஏபிஐக்குப் பெருங்கட்டணம் விதித்தபோது, அந்தத் தளத்தைப் படிக்க உதவிய அப்பல்லோ என்ற செயலியை உருவாக்கியவர், ஜூன் 30 அன்று அதை நிறுத்தப்போவதாக மூன்று வாரங்களுக்கு முன்பே பயனர்களுக்கு அறிவித்ததோடு, சந்தாவில் மீதமிருந்த காலத்துக்கான பணத்தைத் திருப்பித் தரவும் ஏற்பாடு செய்தார். அத்தகைய ஒரு வார்த்தையைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ஜனவரி 23க்குப் பிறகு இத்தகைய செயலிக்குச் சந்தா கட்டியவர்கள் நம் வட்டாரத்தில் இருந்தால், ரசீதில் உள்ள தேதியை முதலில் எடுத்துப் பாருங்கள்.