மதகில் கட்டிய வலை: குளக்கரைச் சங்கத்தில் என் அனுபவம்

மன்னார்குடியில் எங்கள் குளக்கரையில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. கூடப் படித்த தோழி, இப்போது திருப்பூரில் இருக்கிறாள், அதை வாங்கலாமா என்று யோசிக்கிறாள். வீடு பிடித்துவிட்டது, விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவளுடைய கேள்வி வேறு. "கரைக்காரங்களுக்குன்னு சங்கம் ஒன்னு இருக்காமே, அதுல சேர்றது நல்லதாடி?" போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் எழுதியே வைக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாகச் சந்தா கட்டியவள், ஒரு தவணை செயற்குழுவிலும் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பதிவு பெற்ற சங்கம், நாலு கரை வீடுகளும் உறுப்பினர், தை மாதம் பொதுக்குழு, வரவு செலவு அச்சடித்துக் கொடுப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்றால் செயலாளருக்குப் போன் போட்டால் போதும், மறுநாள் ஆள் வந்து நிற்கும். பணத்தில் ஒரு ரூபாய் தப்பு நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதெல்லாம் சரி.

சரியில்லாதது மதகு.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் குளம் மழையை மட்டும் நம்பிய குளம் இல்லை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாறாக எங்கள் ஊருக்கு வருகிறது. அந்த ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஒரு சின்னக் கிளை, அது மேல்கரை மூலையில் மதகு வழியாகக் குளத்தில் விழுகிறது. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் எங்கள் வாய்க்காலில் எப்போதும் ஓடாது. முறை வைத்துத்தான் விடுவார்கள். அந்த முறை நாட்களில் மதகு திறந்திருக்க வேண்டும், வழி அடைக்காமல் இருக்க வேண்டும். தவறவிட்டால் தண்ணீர் நம் வாசலைக் கடந்து கடைமடைக்குப் போய்விடும். போனதைக் கூப்பிட முடியாது.

எங்கள் குளத்தில் மீன்பாசிக் குத்தகை உண்டு. குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு விடுகிறார். குஞ்சுகள் வாய்க்கால் வழியே ஏறிப் போய்விடக் கூடாது என்று மதகு வாயில் வலை கட்டுகிறார். அவர் தொழிலுக்கு அது நியாயம். ஆனால் கட்டியிருப்பது கண் மிகச் சிறிய நீல நைலான் வலை. போன முறைத் தண்ணீரின்போது நான் போய்ப் பார்த்தேன். வலையில் ஆகாயத்தாமரை வேரோடு ஒட்டிக் கிடந்தது. அதன் மேல் கேரிபேக், அதன் மேல் தேங்காய் மட்டை, கோயில் மாலை நார், யாரோ விருந்து வைத்த காகிதத் தட்டுகள். வாய்க்கால் பக்கம் இடுப்பளவு தண்ணீர் நின்று சுழல்கிறது. குளத்துப் பக்கம் விரல் பருமனுக்கு ஒழுகுகிறது. ஒரு கம்பை எடுத்துக் குப்பையைத் தள்ளிவிட்டேன். தண்ணீர் திமுதிமுவென்று உள்ளே பாய்ந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் மறுபடியும் அடைத்திருந்தது.

இதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வலையை அவிழ்க்கச் சொல்லவில்லை. வலைக்குப் பத்தடி முன்னால் வாய்க்காலில் இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்றை வைத்தால் பெரிய குப்பையெல்லாம் அங்கேயே நிற்கும். முறை நாட்களில் காலையிலும் மாலையிலும் ஒரு ஆள் அதை வாரிக் கரையில் போட வேண்டும். வெல்டிங் பட்டறையில் விசாரித்தால், தென்கரையில் நாம் கட்டிய அலங்கார வளைவுக்கு ஆன செலவில் சின்னப் பங்குகூட ஆகாது என்கிறார்கள்.

செயலாளர் நல்ல பிள்ளை. என்னைவிட வயதில் சின்னவர், எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்கிறவர். கேட்டால் தலையைச் சொறிகிறார்.

"அக்கா, அன்னதானத்துக்கு அரிசி மூட்டை அந்த மீன் குத்தகைக்காரர்தான் தர்றாரு. அவர்கிட்ட எப்படிப் போய்ப் பேசுறது?"

"அரிசிக்கு நன்றி சொல்லுங்க தம்பி. நன்றிக்காகக் குளத்தைக் காயப்போட முடியுமா?"

"அடுத்த கூட்டத்துல பேசுவோம்க்கா."

அந்த அடுத்த கூட்டம் வந்தால் நுழைவு வளைவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச்சு நடக்கும்.

மேட்டூர் கைகொடுக்காத வருடத்தில் சங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டிய அணையை 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த ஆடிப்பெருக்குக்கு எங்கள் குளம் வெடித்துக் கிடந்தது. சங்கம் டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து படித்துறைக்குக் கீழே பள்ளம் வெட்டி ஊற்றியது. பெண்கள் அங்கேயே காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டோம். பிள்ளைகள் சப்பரம் இழுத்தார்கள். சங்கம் அன்று செய்தது பெரிய உதவி. ஆனால் அப்புறம் ஆவணியில் ஆற்றில் தண்ணீர் வந்ததே, வாய்க்காலிலும் முறை விட்டார்களே, அப்போது குளம் ஏன் பாதிகூட நிறையவில்லை? வலைதான். 2022இல் இதற்கு நேர்மாறு. மே 24ஆம் தேதியே மேட்டூர் திறந்துவிட்டது. விவசாயிகள் நாற்றங்காலுக்கு ஓடினார்கள். எங்கள் கிளை வாய்க்காலிலோ நெய்வேலிக் காட்டாமணக்கு ஆளுயரம் மண்டிக் கிடந்தது. அரசாங்கம் வருடா வருடம் நடத்தும் சிறப்புத் தூர்வாரும் பணியில் ஆறும் பெரிய வாய்க்காலும் வரும். சி, டி வாய்க்கால் என்று சொல்கிற கடைசிக் கிளைகள் பல இடங்களில் விட்டுப்போகும். அந்த இடத்தில் இறங்கத்தானே கரைக்காரர்களுக்கு என்று ஒரு சங்கம்?

பாரம்பரியம் பேசுவதில் எங்கள் சங்கத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதைப் பாராட்டாகவே சொல்கிறேன். பக்கத்திலேயே ஹரித்ராநதி இருக்கிற ஊர் இது. ஏறக்குறைய 23 ஏக்கர் குளம், ராஜகோபாலசுவாமிக்கு ஆனி மாதம் அங்கேதான் தெப்பம். அந்தப் பெருமைக்கு முன்னால் எங்கள் சின்னக் குளத்தை ஊரில் யாரும் கண்டுகொண்டதில்லை. சங்கம்தான் அதற்கு ஒரு மரியாதை தேடிக் கொடுத்தது. பொங்கல் சமயத்தில் வீட்டு வீடாகப் பழைய போட்டோக்களைக் கேட்டு வாங்கி மண்டபத்தில் வரிசையாக மாட்டினார்கள். அதில் ஒரு கல்யாண போட்டோவில் பின்னணியாகக் குளம், மேல்படி வரைக்கும் தண்ணீர். வடகரைப் பெரியம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எந்தப் படித்துறையில் குடிதண்ணீர் எடுப்பார்கள், எதில் துணி துவைப்பார்கள், மாடு எந்தப் பக்கம் இறங்கும் என்று விரலால் காட்டிக்காட்டிச் சொன்னார். பிள்ளைகள் அதைக் கேட்டுப் படமாக வரைந்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவர்கள் குளத்தின் வரைபடம் தெரியும். எத்தனை ஊரில் இது நடக்கும்?

இன்னொரு வருடம் தண்டியடிகள் நாயனார் கதை சொல்ல ஏற்பாடு செய்தார்கள். திருவாரூர்க் கமலாலயக் குளம் மேடிட்டுப் போனதைக் கேள்விப்பட்டு, பார்வையில்லாத அந்த அடியார் கரையில் கம்பு நட்டுக் கயிறு கட்டி, கயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே இறங்கி மண்ணைச் சுமந்து வந்து கொட்டினார். அறுபத்து மூவரில் ஒருவராக அவரைச் சேர்க்கக் காரணமே அந்தத் தூர்வாரல்தான். சொன்னவரும் உருகிச் சொன்னார், கேட்டவர்களும் கண் கலங்கிக் கேட்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. அப்புறம் மறுநாள் காலை மதகுப் பக்கம் போனேன். வலையும் குப்பையும் அப்படியே இருந்தன. அந்த நாயனார் கதையைக் கேட்ட கையோடு கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நாற்பது பேராவது கிளம்பியிருக்க வேண்டாமா? பேராவூரணியில் கஜாவுக்குப் பிறகு 2019இல் இளைஞர்கள் கூடிப் பெரிய குளத்தையே தூர் வாரினார்களே. நம்மிடம் இருப்பது அதற்குப் பக்கத்தில் வைக்க முடியாத சின்னக் குளம்.

கஜா என்று சொன்னதும் பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் சங்கத்துக்கு அநியாயம் செய்தவளாவேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த புயல். பொழுது விடிந்தபோது எந்தத் தெருவிலும் நடக்க வழியில்லை. தென்னையும் வேம்பும் மின்கம்பத்தோடு பின்னிக் கிடந்தன. கரண்டு வர வாரக்கணக்கில் ஆனது. அன்று பத்து மணிக்குள் சங்கத்து ஆட்கள் மரம் அறுக்கும் மிஷினோடு இறங்கிவிட்டார்கள். ஓடு பறந்த வீடுகளுக்குத் தார்ப்பாய் வந்தது. எங்கிருந்தோ ஜெனரேட்டர் ஒன்றைப் பிடித்துச் சின்ன லாரியில் ஏற்றி, வீடு வீடாக நிறுத்தி மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். டீசல் காசு மட்டும்தான். யாருக்கு முதலில் என்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். கைக்குழந்தை உள்ள வீடு, படுத்த படுக்கையாகப் பெரியவர் உள்ள வீடு, அப்புறம்தான் மற்றவர்கள். தலைவர் வீடு கடைசியில் வந்தது. நான் கண்ணால் பார்த்தது இது. மண்டபத்தில் பொதுச் சமையல், எல்லா வீட்டு ஆட்களும் ஒரே பந்தி. அதற்கு முன்பு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத குடும்பங்கள்கூட அன்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டன. அந்த ஒட்டுதல் இன்றைக்கும் விட்டுப்போகவில்லை.

அந்த நாட்களில் குளிக்க, துவைக்க, கழிவறைக்கு எல்லாம் எது ஓடியது? குளத்துத் தண்ணீர். அந்த ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்திருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் நாலு முழக் கயிற்றில் வாளி எட்டியது. கரண்டு இல்லாத ஊரில் அந்தக் கிணறு எத்தனை வீட்டுக்குக் குடிக்கக் கொடுத்தது என்று தெருவே சொல்லும். இப்போது அதே கிணற்றில் வைகாசி வந்தால் கயிறு இரட்டிப்பாகப் போட வேண்டியிருக்கிறது. இன்னொரு புயல் வந்தால் ஜெனரேட்டர் கிடைக்கும், அரிசி கிடைக்கும், ஆட்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்கு எங்கே போவது? அன்று குளத்தால் பிழைத்த சங்கமே குளத்தை விட்டுவிட்டதே என்பதுதான் என் ஆத்திரமெல்லாம். அந்நியர்களாக இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

குளக்கரையில் பேவர் பிளாக் நடைபாதை போட்டதையும் கைப்பிடிக் கம்பி வைத்ததையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. சாயங்காலம் பெரியவர்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆனால் நடைபாதை போடும்போது வடகரையில் மழைத்தண்ணீர் குளத்தில் இறங்குகிற இரண்டு வாய்களை அடைத்துவிட்டார்கள். அதைத் திறந்து குழாய் வைப்பதாகச் சொன்னது இன்னும் நடக்கவில்லை. இதுவும் அதே கதைதான். கண்ணுக்குத் தெரிகிற வேலை உடனே முடிகிறது. தண்ணீருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கிற வேலை நோட்டில் நிற்கிறது.

ஆக, தோழிக்கு என் பதில். வீட்டை யோசிக்காமல் வாங்கு. இப்படிப்பட்ட மனிதர்கள் பக்கத்தில் இருப்பதற்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் தகும். ஒரு ஆபத்து என்றால் உன் வாசலில் நிற்பவர்கள் இவர்கள்தான், உறவுக்காரர்கள் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் சங்கத்தில் இப்போது சேர வேண்டாம். நானே இந்த வருடச் சந்தா கட்டவில்லை. கட்டாவிட்டால் பொதுக்குழுவில் ஓட்டுக் கிடையாது என்று செயலாளர் சொல்லி அனுப்பினார். ஓட்டு இருந்தபோது நான் எழுதிக் கொடுத்த தீர்மானங்களுக்கு என்ன ஆனது என்று திருப்பிக் கேட்டு அனுப்பியிருக்கிறேன். வாய்க்காலில் கம்பித் தடுப்பு நிற்கிற அன்று இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ரசீது போட்டுக்கொள்ளலாம். பழைய பாக்கியும் சேர்த்தே கட்டுகிறேன்.

இன்னொன்று. வீட்டைப் பார்க்க வரும்போது கொல்லைக் கிணற்றை எட்டிப் பார். சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. விற்கிறவர், கிணற்றை மண் கொட்டி மூடித் தருகிறேன், வண்டி நிறுத்த இடமாகும் என்பார். கிணறு அப்படியே இருக்கட்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே கறாராகப் பேசிவிடு.