ஏரிக்கரைக் கூடாரமும் அணைக்க முடியாத டியூப்லைட்டும்

கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறைக்கும் அப்பால், ஏரிக்கரையில் கூடாரமடித்து இரண்டு இரவுகள் தங்கலாம், விருப்பம்போல் மீன் பிடிக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி டொரண்டோவில் இருந்தபடியே முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் புறப்பட்ட நானும் என் கணவரும், அதில் முதல் இரவின் பெரும்பகுதியை ஒரு டியூப்லைட்டோடு மல்லுக்கட்டியே கழித்தோம். மலையைப் பற்றியும் மீனைப் பற்றியும் படிக்க வந்தவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

ஊர்ப்பக்கம் மாறியிருப்பவற்றில் நல்லவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலுக்கு வர உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்த இ-பாஸ் முறை எங்களைப் போன்றவர்களைப் படுத்தி எடுக்கும் என்று பயந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கைபேசி எண்ணுக்குப் பதில் மின்னஞ்சல் கொடுத்தால் போதும் என்றிருந்ததால் வத்தலக்குண்டில் காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் கட்ட வேண்டும் என்பதைக் கேட்டு டிரைவர் முணுமுணுத்தார். கனடாவில் நாங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அல்கோன்குயின் பூங்காவில், உட்காட்டு முகாம்களுக்குத் தகர டப்பாவும் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோகவே கூடாது என்பது பழகிப்போன எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

1863இல் லெவிஞ்ச் துரை உருவாக்கிய, நட்சத்திர வடிவிலான கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்கக்கூட இடமில்லாத கூட்டம். பள்ளிச் சுற்றுலாவில் மிதிபடகுக்கு வரிசையில் நின்ற அதே இடத்தில் இன்றும் வரிசை நின்றது. வண்டியை நிறுத்தாமல் மேலே போனோம்.

முகாமுக்குச் சென்று சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. ஏரி என்று அவர்கள் சொன்னது, பூண்டு வயல்களுக்கு நடுவே ஓடையை மறித்துத் தேக்கிய நீர். சின்னதுதான் என்றாலும் அழகானது, குறை சொல்ல மனம் வரவில்லை. கூடாரம்தான் கண்ணில் படவில்லை. மேலாளராக இருந்த இளைஞர் எங்களை ஒரு தகரக் கொட்டகைக்குள் அழைத்துச் சென்றார். மூன்று பக்கம் திறந்த அந்தக் கொட்டகையில், டைல்ஸ் பதித்த தரையின்மீது, கல்யாண மண்டபத்தில் பந்திப் பாய் விரித்ததுபோல் வரிசையாக ஆறு கூடாரங்கள் நின்றிருந்தன. முளையடிக்க மண் இல்லாததால் நான்கு மூலைக்கும் நான்கு செங்கற்கள் வைத்திருந்தார்கள்.

“வெளியில டெண்ட் போட விடமாட்டாங்க மேடம். இது ரூஃபுக்குள்ள இருக்கிறதால பிரச்சினை இல்ல, மழை வந்தாலும் நனைய மாட்டீங்க” என்றார். கூரைக்குக் கீழே கூடாரம் எதற்கு என்று கேட்க வாயெடுத்த என்னை, பயணக் களைப்பில் இருந்த கணவர் கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

சப்பாத்தியும் குருமாவும் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு அலுவலக அறையைப் பூட்டிக்கொண்டு அந்த இளைஞர் பைக்கில் கிளம்பிப் போய்விட்டார். மற்ற ஐந்து கூடாரங்களுக்கும் அன்று ஆள் இல்லை. நாங்கள் உள்ளே நுழைந்து ஜிப்பை இழுத்து மூடிய பிறகுதான் எங்கள் தலைக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டின் முழு வலிமையும் தெரிந்தது. நீல நிறக் கூடாரத் துணி அந்த வெளிச்சத்தை வடிகட்டி, ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பதுபோன்ற ஒரு நிறத்தை எங்கள் முகத்தில் பூசியது. பழைய சோக் ஒன்று இடைவிடாமல் ரீங்கரித்தது. விளக்கை மொய்த்த அந்துப்பூச்சிகள் ஒவ்வொன்றாகக் கூடாரத்தின்மேல் பொத்துப் பொத்தென்று விழுந்தன. சுவிட்சைத் தேடி நாங்கள் இருவரும் கொட்டகையின் தூண்களை எல்லாம் தடவிப் பார்த்தோம். ஒயர் சுவரோரமாக ஓடி, பூட்டிய அலுவலக அறைக்குள் நுழைந்து மறைந்தது.

வெளிச்சத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் ஒரு முகாமிடம் கிடைக்க ஐந்து மாதங்களுக்கு முன், காலை ஏழு மணிக்குக் கணினி முன் விரலை வைத்துக் காத்திருக்கும் கூட்டத்தில் நாங்களும் உண்டு. மீன்பிடிக்க ஓர் அடையாள அட்டை, உரிமம், எந்த மீனை எந்த மாதம் பிடிக்கலாம் என்ற கணக்கு, இரவில் மூச்சுக்கூட மெதுவாக விட வேண்டிய அமைதி நேரம் என்று அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருக்கிறது. அந்த விதிகளால் சலித்துப்போய்த்தான், நம் ஊர் மலையில் நம் ஊர் வானத்தைப் பார்க்கலாம் என்று வந்தோம். 1901 முதல் சூரிய ஆய்வகம் இயங்கிவரும் மலையில் இரவில் நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டது பேராசையா?

வாசல் கேட்டுக்கு அருகே மட்டும் சிக்னல் கிடைத்தது. முன்பதிவு எண்ணுக்கு அழைத்தபோது எடுத்தவர் தூக்கக் கலக்கத்திலும் மரியாதையாகவே பேசினார். “மேடம், அது உங்க சேஃப்டிக்குத்தான். நைட்ல காட்டுமாடு வரும்.” காட்டுமாடு வரும் என்றால் விளக்கு வேலியோரத்தில் அல்லவா இருக்க வேண்டும், எங்கள் தலைக்கு மேல் எதற்கு என்றேன். “சாவி தம்பிகிட்ட இருக்கு, காலையில ஏழு மணிக்கு வந்துருவான்” என்றார். கரடி நடமாடும் காட்டிலேயே, சாப்பாட்டை எல்லாம் காருக்குள் பூட்டிவிட்டு இருட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்று நான் தொடங்கியபோது சிக்னல் போய்விட்டது.

அப்போதுதான் அப்பாவின் நினைவு வந்தது. சிறுவயதில் வீட்டில் டியூப்லைட் கண்ணடிக்கத் தொடங்கினால், அப்பா ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, குழாயின் இரு முனைகளையும் பிடித்துக் கால் சுற்று திருப்பி இறக்குவார். கீழே நின்று வாங்கிக்கொள்வது என் வேலை. “ஷாக் அடிச்சுத் தொலைக்கப்போகுது, இறங்கு” என்று கணவர் பதறிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டுப் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். குழாய் சூடாக இருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு, தகர மூடியைத் தொடாமல், கண்ணாடியை மட்டும் பிடித்துத் திருப்பினேன். ஒரு முனை இறுகிக்கொண்டு வர மறுத்தது. மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபோது ‘டக்’கென்று ஊசிகள் காடியிலிருந்து விடுபட, இருட்டு ஒரேயடியாக வந்து விழுந்தது. ரீங்காரமும் நின்றது. தூசு படிந்த அந்த நான்கடிக் குழாயைக் கணவர் கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கித் தூணோரம் சாய்த்து வைத்தார்.

நட்சத்திரம் பார்க்கக் கொட்டகையை விட்டு வெளியே வந்தோம். மேகம் மூடியிருந்தது. சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின்மேல் மழை விழும் அந்தச் சத்தத்தை இருபது ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். கூரைக்குள் கூடாரம் போட்டவர்களை அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மன்னித்தேன்.

காலையில் வந்த இளைஞருக்கு விளக்கைக் கழற்றியதில் கோபமில்லை, பயம்தான். ஏதாவது ஆகியிருந்தால் தன் வேலை போயிருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு எங்களைக் கைப்பிடிக்காத குறையாக அழைத்துப்போய், கொட்டகைக்குப் பத்தடி தள்ளி ஈர மண்ணில் பதிந்திருந்த பெரிய குளம்படிகளைக் காட்டினார். கணவர் என் முகத்தைப் பார்த்தார். விளக்கு வேலியோரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற என் கருத்தில் இப்போதும் மாற்றமில்லை.

மீன் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கணவர் கனடாவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்த மடக்குத் தூண்டிலையும் மினுங்கும் செயற்கை இரைகளையும் அந்த ஏரி சட்டை செய்யவில்லை. இரண்டு பகல்களில் விழுந்தது ஒரே ஒரு கெண்டை, அதுவும் மண்புழுவுக்கு. பெரிய பெரிய செதில்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னிய கண்ணாடிக் கெண்டை. 1939இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்குக் கொண்டுவந்து விடப்பட்ட இனம் அது என்று சொல்லிக்கொண்டே, கனடாவில் பழகிய பழக்கத்தில் கொக்கியைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். மசாலா அரைத்து வைத்துக் காத்திருந்த சமையல்கார அக்கா, “பிடிச்ச மீனை யாராச்சும் திரும்ப விடுவாங்களா?” என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்.

இரண்டாம் இரவு விளக்கைத் திரும்ப மாட்டியிருந்தார்கள், சாவியை எங்களிடம் கொடுக்க விதியில் இடமில்லை என்றார்கள். இந்த முறை கழற்ற இரண்டே நிமிடங்கள்தான் ஆயின.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் பெட்டியைக் கட்டும்போது, மதுரையிலிருந்து வந்திருந்த ஓர் இளம் தம்பதி பக்கத்துக் கூடாரத்தில் பையை இறக்கினார்கள். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அக்கா, இந்த லைட்டுக்கு சுவிட்ச் எங்க இருக்கு?” என்று கேட்டாள். நான் பெஞ்சைக் காட்டினேன்.