"பாஸ்வேர்டை என்கிட்டகூட சொல்லாதீங்கண்ணா"ன்னு சொன்னவன்தான் என் 4,30,000 ரூபாயை எடுத்துட்டுப் போனான்

கோவத்துல எழுதறேன், கோர்வையா வராது. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன். போன ஞாயித்துக்கிழமை ராத்திரி 11:40க்கு என் பிட்காயின் வாலட்டோட சாவியை என் கையாலேயே ஒருத்தனுக்கு எடுத்துக் கொடுத்தேன். 4,30,000 ரூபாய். யாரும் ஹேக் பண்ணல, பூட்டை உடைக்கல. நானே கதவைத் திறந்து, உள்ள கூட்டிட்டுப் போய், பீரோ இருக்கற இடத்தைக் காட்டினேன்.

வாலட் சிங்க் ஆகாம, அதாவது நெட்வொர்க்கோட கணக்கு முழுசா இறங்கி ஒத்துப் போகாம, முழிச்சிட்டிருக்கறவங்க என்ன பண்ணணும்னு கடைசியில விவரமா எழுதறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

2020 அக்டோபர்ல 40,000 ரூபாய்க்கு 0.045 பிட்காயின் வாங்கினேன். வாங்கின வெப்சைட்டுலயே, அதான் எக்ஸ்சேஞ்சுல, விட்டு வைக்காதே, சாவி உன் கையில இருக்கணும்னு ஊரே சொல்லுச்சு. சரின்னு கம்ப்யூட்டர்ல போடற வாலட்டுக்கு மாத்தினேன். அதுலயும் லைட்டா ஒண்ணைப் போட்டிருந்தா இந்தப் பாடே இல்ல. பிட்காயின் வரவு செலவு அத்தனையும் எழுதற பொதுக் கணக்கு நோட்டுதான் பிளாக்செயின், அதுல ஒவ்வொரு பக்கமும் ஒரு பிளாக். 2009 ஜனவரி 3ல உருவான முதல் பிளாக்ல இருந்து அத்தனையும் நம்ம டிஸ்க்குலயே இறக்கற வகையைப் புடிச்சேன். அப்பவே 300 ஜிபி கிட்ட வந்துச்சு. ஒரு 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்பது நாள் லேப்டாப்பை அணைக்காம ஓட விட்டு இறக்கினேன். பெருமையா வேற இருந்துச்சு.

2022ல 30% வரி, 1% டிடிஎஸ்னு வந்ததும் விக்கற ஆசையே விட்டுப் போச்சு. ஹார்ட் டிஸ்க்கை ஒரு பழைய வேட்டியில சுத்தி பீரோவுக்குள்ள வச்சவன்தான், மறந்தாச்சு.

இப்ப மாடியில ரெண்டு ரூம் எடுக்கறோம். சென்ட்ரிங் அடிச்சு, கம்பி கட்டியாச்சு. வியாழக்கிழமை தளம் போட்டுடணும்னு மேஸ்திரி நாள் குறிச்சுட்டார். அன்னைக்கு விலைக்கு என் பிட்காயின் 4,30,000 ரூபாய். வரி போனாலும் மூணு லட்சம் நிக்கும், சிமெண்ட்டு, ஜல்லி, ஆள் கூலி எல்லாம் அதுலயே முடிஞ்சிடும்னு கணக்கு போட்டு, அதுக்கு முந்தின வியாழக்கிழமை வேட்டியைப் பிரிச்சேன்.

வாலட்டைத் திறந்தா "3 வருடம் 2 வாரம் பின்தங்கியுள்ளது"ன்னு ஒரு பட்டை. பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக், ஒரு நாளைக்கு 144. மூணு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் பிளாக்குக்கு மேல பாக்கி. 64.2 சதவீதத்துல நிக்குது. பேலன்ஸ் 0.045ன்னு தெரியுது, ஆனா சிங்க் முடியாம அனுப்ப முடியாது. ராத்திரி பூரா ஓட விட்டு காலையில பார்த்தா 64.4. வயித்தைக் கலக்கிடுச்சு.

பக்கத்துல இருக்கற கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். "இதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க, வேணும்னா ஃபார்மட் அடிச்சுத் தரேன்"னார். நல்லவேளை அதையாவது வேண்டாம்னேன்னு அப்ப நெனச்சேன்.

சனிக்கிழமை சாயங்காலம், இந்த மாதிரி வாலட்டுக்கு உதவி பண்றதா சொல்ற ஒரு மெசேஜிங் ஆப் குரூப்ல சேர்ந்தேன். பல ஆயிரம் பேர் இருக்கற குரூப். பிரச்சனையை ஆங்கிலத்துல எழுதிப் போட்டேன். ரெண்டு நிமிஷத்துல தனி மெசேஜ் வந்துச்சு, தமிழ்ல. "அண்ணா வணக்கம், உங்க பேரைப் பார்த்ததும் தமிழ்னு தெரிஞ்சுது. கவலைப்படாதீங்க, இது ரொம்பப் பேருக்கு வர்ற பிரச்சனைதான்."

இங்கதான் எல்லாரும் கவனிக்கணும். அவன் எடுத்த எடுப்புல எதையும் கேக்கல. உங்க லேப்டாப்ல ரேம் எவ்வளவுன்னு கேட்டான். 8 ஜிபின்னேன். "டேட்டாபேஸ் கேஷ் 450ல இருக்கும் பாருங்கண்ணா, அதை 4000 ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஆன்டிவைரஸ் அந்த ஃபோல்டரை ஸ்கேன் பண்ணிட்டே இருக்கும், விலக்கு கொடுங்க"ன்னான். கேஷ்னா காசு இல்ல, வாலட் தற்காலிகமா ரேம்ல எடுத்துக்கற இடம், எம்பி கணக்குல. பண்ணேன். பட்டை நகர ஆரம்பிச்சுது! மணிக்கு அரை சதவீதம். ரெண்டு நாளா அசையாதது கண்ணு முன்னாடி நகருது. ஒரு பைசா கேக்கல. "சாப்பிட்டீங்களாண்ணா"ன்னு வேற கேட்டான். அன்னைக்கு என் வீட்டுலகூட யாரும் அதைக் கேக்கல.

அவன் சொன்ன வைத்தியம் சரியான வைத்தியம்தான். அதை இன்னைக்கும் மறுக்க முடியல. திருடன் முதல்ல உண்மையாவே வேலை செஞ்சு கொடுத்தான், அந்தக் கூலிக்குத்தான் என் நம்பிக்கையை வாங்கினான்.

ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு 76 சதவீதத்துல மறுபடி நின்னுடுச்சு. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், அசையல. ஹார்ட் டிஸ்க்குல இருக்கற சின்ன நீல லைட்டு மட்டும் விடாம சிமிட்டிட்டே இருந்துச்சு. அந்த லைட்டை வேணும்னே சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க. அவனுக்கு மெசேஜ் போட்டேன்.

"ஆமாண்ணா, பழைய வாலட் ஃபைல், நெட்வொர்க்கோட மேப் ஆகல. மேனுவலா சிங்க் பண்ணணும். அஞ்சு நிமிஷ வேலை. கன்சோல் திறங்க."

கன்சோல்னா வாலட்டுக்குள்ளயே நேரடியா கமாண்ட் அடிக்கற ஜன்னல். அதைத் திறந்தா முதல் வரியே சிவப்பு எழுத்துல எச்சரிக்கை. மோசடிக்காரங்க இங்க கமாண்ட் அடிக்கச் சொல்லி வாலட்டைத் திருடறாங்க, என்ன பண்றோம்னு முழுசா தெரியாம இதைப் பயன்படுத்தாதீங்கன்னு. படிச்சேன். இப்படி வருதேப்பான்னு அவன்கிட்டயே கேட்டேன். "அது எல்லாருக்கும் வரும்ண்ணா. சிகரெட் பாக்கெட்ல படம் போட்ட மாதிரி, சட்டத்துக்காகப் போட்டிருக்காங்க"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்தச் சிரிப்போட விலை 4,30,000 ரூபாய்.

அடுத்து வாலட் பாஸ்ஃப்ரேஸை, அதான் பாஸ்வேர்டை, அடிக்கணும். அப்பத்தான் சொன்னான்: "அண்ணா, பாஸ்வேர்டை என்கிட்டகூட சொல்லாதீங்க. யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. நீங்களே டைப் பண்ணுங்க." கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் அதோட போச்சு. இதைவிட யோக்கியமா ஒருத்தன் எப்படிப் பேச முடியும்?

அப்புறம் ஒரு கமாண்டும் என் பிட்காயின் அட்ரஸும். என்டர் தட்டினதும் ஒரே வரி வந்துச்சு. எல்ங்கற எழுத்துல ஆரம்பிச்சு, பெரிசும் சின்னதுமா 52 எழுத்து. "அதுதாண்ணா சிங்க் கீ. எனக்கு அனுப்பாதீங்க, நான் தர்ற பக்கத்துல நீங்களே பேஸ்ட் பண்ணுங்க." பக்கத்தைத் திறந்தேன். மேல வாலட்டோட லோகோ, நடுவுல ஒரு கட்டம், கீழ "ஒத்திசை"ன்னு தமிழ்லயே பட்டன். பேஸ்ட் பண்ணி அழுத்தினேன். ஒரு சக்கரம் சுத்துச்சு.

அது சிங்க் கீ இல்ல. சிங்க் கீன்னு உலகத்துல ஒண்ணுமே கிடையாது. அது பிரைவேட் கீ. அது யார் கையில இருக்கோ காசு அவனோடது. அதுக்கப்புறம் பாஸ்வேர்டும் வேண்டாம், என் லேப்டாப்பும் வேண்டாம். பாஸ்வேர்டைச் சொல்லாதீங்கன்னு ஏன் சொன்னான்னு இப்ப புரியுதா? அவனுக்கு அது தேவையே இல்ல!

நாள் பூரா லைட் பாக்ஸ்ல துணியை வச்சு ஷேடு பார்க்கறவன் நான். பையர் அனுப்பின சேம்பிளுக்கும் லேப் டிப்புக்கும் (சாயம் போட்டுப் பார்க்கற மாதிரித் துணி) நூலளவு வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். என் கண்ணு அந்த ஒரு ராத்திரி எங்க போச்சுன்னு தெரியல.

"24 மணி நேரம் ஆகும்ண்ணா, வாலட்டை எதுவும் பண்ணாதீங்க"ன்னான். தூங்கிட்டேன். காலையில ஆறு மணிக்கு என்னமோ உறுத்தி, பிளாக்செயினை யார் வேணா தேடிப் பார்க்கற வெப்சைட்டுல, அதான் பிளாக் எக்ஸ்ப்ளோரர்ல, என் அட்ரஸைப் போட்டுப் பார்த்தேன். 11:46க்கு மொத்தமும் வெளிய போயிருக்கு. நான் பட்டனை அழுத்தி ஆறே நிமிஷம்.

அப்புறம் ஆரம்பிச்சுது அலைச்சல். அவன்கிட்ட கேட்டா "நெட்வொர்க் கன்ஜஷன்ண்ணா, திரும்ப வந்துடும்". பத்து மணிக்கு "மீட்டிங்ல இருக்கேன்". பதினொண்ணுக்கு அந்த அக்கவுண்டே இல்ல, மெசேஜ் எல்லாம் அழிஞ்சிருக்கு. குரூப் அட்மின்கிட்ட முறையிட்டேன். "எங்க ஆளுங்க முதல்ல மெசேஜ் பண்ண மாட்டாங்க, பின் பண்ணின விதியைப் படிக்கலையா?"ன்னான். படிக்கலைங்க, தப்புதான். ஆனா அந்த ஆள் இன்னும் குரூப்ல வேற பேர்ல இருப்பான், எல்லாரையும் எச்சரிங்கன்னு எழுதினேன். என்னை நீக்கிட்டாங்க.

நான் முதல்ல வாங்கின எக்ஸ்சேஞ்சுக்கு எழுதினேன். அங்க இருந்து வெளிய போன காசுக்கு அவங்க பொறுப்பில்லைன்னு பதில். ஞாயம்தான். ஆனா அடியிலயே "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"னு கேக்கணுமா?

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன். "எந்த பேங்க்குங்க? பணம் அனுப்பின யுடிஆர் நம்பர் சொல்லுங்க." பேங்க் இல்லீங்க, பிட்காயின். "அப்ப யாருக்குப் போச்சுன்னு பேர் தெரியுமா?" தெரியாதுங்க, அட்ரஸ் இருக்கு. "எந்த ஊர் அட்ரஸ்?" நான் எழுதிக் கொடுத்த அந்த எழுத்துக்கூட்டத்தை ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ஆன்லைன்லயே போடுங்கன்னு அனுப்பிட்டாங்க.

கம்பெனியில ஒரு ஃப்ரெண்டு ஆறுதல் சொல்றானாம்: "நீ போட்டது 40,000 தானே, விடு." 40,000 இல்லடா. 4,30,000. தளம் போடற காசு.

இதையெல்லாம் ஒரு இடத்துல புலம்பி எழுதினதும் மூணு பேர் தனியா மெசேஜ் போட்டாங்க. திருடு போன பிட்காயினை மீட்டுத் தர்ற நிபுணர்களாம். ஒருத்தன் முன்பணம் 15,000 கேட்டான். கன்ஃபார்ம் ஆன டிரான்ஸாக்ஷனை யாராலயும் திருப்ப முடியாது. இவனுங்க ரெண்டாவது திருட்டுக்கு வர்றவனுங்க.

சரி, விவரமா எழுதறேன்னு சொன்னேன். எழுத உக்காந்தா முடியல, மூளை அங்கயேதான் சுத்துது. தோணறதைச் சொல்லிடறேன். சிங்க் ஆகலைன்னா காசு எங்கயும் போகல. அது பிளாக்செயின்ல இருக்கு, எக்ஸ்ப்ளோரர்ல அட்ரஸைப் போட்டாலே தெரியும். அந்த டேட்டாபேஸ் கேஷை ஏத்துங்க, டேட்டா எஸ்எஸ்டியில இருக்கட்டும், சுழலற டிஸ்க்குல வேண்டாம். இப்ப முழு செயின் 600 ஜிபிக்கு மேல, இடம் பாருங்க, இல்ல பழைய பிளாக்கை அழிச்சிட்டே போற ப்ரூன் வசதியை முதல்லயே போடுங்க. லேப்டாப் தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல பின்னாடி இருந்தா புது பிளாக்கை ஏத்துக்காது. வாலட் ஃபைலை முதல்ல காப்பி எடுத்து வச்சுக்குங்க.

சிங்க் பண்ண, வேலிடேட் பண்ண, சரி பண்ணன்னு எந்தப் பேர்ல வந்தாலும் சாவியையோ, வாலட்டை மீட்கறதுக்குன்னு கொடுக்கற 12 வார்த்தையையோ எங்கயும் அடிக்காதீங்க. சிங்க்குக்கு சாவியே தேவையில்ல. இது புதுசும் இல்ல, 2018 டிசம்பர்ல எலக்ட்ரம் வாலட் வச்சிருந்தவங்களுக்குப் போலி சர்வர் போலி எரர் மெசேஜ் அனுப்பி, போலி அப்டேட்டை இறக்க வச்சே 200 பிட்காயினுக்கு மேல அடிச்சாங்க. அவசரத்துல இருக்கறப்ப வாலட் பக்கமே போகாதீங்க. போயிடுச்சுன்னா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930, டிரான்ஸாக்ஷன் ஐடியோட. இதுக்கு மேல எழுத வரல.

அந்த நீல லைட்டு. அன்னைக்கு 76ல நின்னது கோளாறே இல்லையாம். கேஷ் நிரம்பி, சேர்த்து வச்ச 4000 எம்பியையும் மெதுவான டிஸ்க்குல எழுதிட்டிருந்திருக்கு. கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தா தானா நகர்ந்திருக்கும். நகர்ந்துச்சு. லேப்டாப்பை அணைக்கவே மனசு வராம விட்டுட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை காலையில நாலே முக்காலுக்கு சிங்க் முடிஞ்சுது. பட்டை போய் ஒரு டிக் வந்துச்சு. பேலன்ஸ் 0.00000000. மேல ஒரே ஒரு புது வரி, ஞாயிறு 11:46, கழித்தல் குறி போட்டு.

மேஸ்திரி நேத்துல இருந்து நாலு தடவை கூப்பிட்டுட்டார், எடுக்கல. இப்ப வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கார்: "ஏனுங்க, மானம் மூடிட்டு நிக்குது. கம்பி நனைஞ்சா துரு ஏறிக்கும். ஜல்லிக்காரனுக்கு என்னன்னு சொல்லட்டுங்க?"