ஜயன்ட்ஸ் காஸ்வே: கேமராவோடு போகிறவருக்கு டிக்கெட் வேண்டுமா?

வட அயர்லாந்தின் கடலோரப் பாறைத்தூண் தலமான ஜயன்ட்ஸ் காஸ்வேயில், நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு விற்கும் விசிட்டர் சென்டர் டிக்கெட்டில் கார் நிறுத்தம், ஆடியோ கைடு, கண்காட்சி எல்லாம் அடக்கம். பாறைகள் மட்டும் அடக்கமில்லை. அவற்றைப் பார்க்க யாருக்கும் கட்டணமே கிடையாது. காரில் வருபவர் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். கோல்ரெய்னிலிருந்து 172ஆம் எண் பஸ்ஸில் வருபவர் நேராகக் கடலை நோக்கி நடக்கலாம். சுமார் 1 கி.மீ. இறக்கம். ஷட்டில் பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம். லென்ஸ் பையோடு ஏறி வரும்போது மட்டும் அது தேவைப்படும்.

எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையில் சுமார் 40,000 தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் வெறும் கற்குவியலாகத்தான் விழும். 16 மி.மீ. வைட் லென்ஸை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, துவாரத்தை (அபெர்ச்சர்) எஃப்/11-இல் வைத்து, 80 செ.மீ. தூரத்தில் ஃபோகஸைப் பூட்டுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 40 செ.மீ. முதல் அடிவானம் வரை தெளிவாக வரும்.

அலையை எடுக்க ஷட்டரை 30 விநாடி திறந்து வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நுரை பனிமூட்டமாகி, தூண்களின் விளிம்பை விழுங்கிவிடும். அரை முதல் ஒரு விநாடி போதும்: மேகமூட்டத்தில் கேமரா 1/60 விநாடி காட்டினால், ஒளியைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) அதை 1 விநாடிக்குக் கொண்டுவரும். 10 ஸ்டாப்பை வீட்டிலேயே வைக்கலாம். பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் நனைந்த பசால்ட் கண்ணாடிபோல் வானத்தைக் காட்டும். வைட் லென்ஸில் போலரைசரை முழுக்கத் திருகினால் வானத்தில் கருந்திட்டு விழும், பாதியோடு நிறுத்துங்கள்.

முக்காலியின் கால்களைத் தூண்களின் இடுக்கில் ஊன்றினால் அசையாது. ஆனால் நீரோரத்தில் கறுத்துத் தெரியும் கற்களில் கால் வைக்காதீர்கள், பாசி வழுக்கும். வற்றம் எப்போது, ஏற்றம் எப்போது என்று பார்த்துவிட்டே இறங்குங்கள். இடுக்குகளில் நாணயம் செருகுவது சிலருக்குப் பழக்கம். அது துருப்பிடித்து உப்பிக் கல்லையே உடைக்கிறது, படத்திலும் அசிங்கம். டிரோனுக்கு அனுமதி இல்லை.

வடக்கு பார்த்த கரை இது. டிசம்பரில் 4 மணிக்கே அடங்கும் வெயிலைத் தெற்குக் குன்று மறைத்துவிடும். ஜூனில் சூரியன் இரவு 10 மணிக்கு மேல் வடமேற்கே, கடல் பக்கம் சாயும். நல்ல ஒளி அப்போதுதான். விசிட்டர் சென்டர் அதற்கு வெகுமுன்பே மூடிவிடும். பஸ்ஸையும் நம்ப முடியாது. டிக்கெட் காசை 3 கி.மீ. தள்ளியுள்ள புஷ்மில்ஸில் அறை எடுக்கச் செலவிடுங்கள்.