பழைய போட்டோவைப் பட்டியல் போட்டுத் தருகிறேன் என்று வருபவரைப் பற்றி

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வீட்டில் பழைய போட்டோ வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். நீளமான பதிவுதான். சுருக்கி எழுதினால் அந்த ஆள் அடுத்த வீட்டில் வேறு கதை சொல்லித் தப்பிவிடுவார். அதனால் விபரமாகவே எழுதுகிறேன்.

முகநூலில் பழைய இலங்கைப் படங்கள் போடும் குழுக்களில் யாராவது "எங்கட அப்பப்பா காலத்துப் படம்" என்று ஒன்றைப் போட்டால், அடுத்த நாளே உள்பெட்டிக்கு அவருடைய செய்தி வரும். மரியாதையான பேச்சு. "இலவசமாகப் பட்டியல் போட்டுத் தாறன், ஸ்கேன் பண்ணித் தாறன், பல்கலைக்கழகத்துக்கு உதவும்" என்பார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் வெள்ளைக் கையுறை போட்டுத்தான் படத்தைத் தொடுவார். அந்தக் கையுறைக்கே பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள். பெட்டியைக் கண்ட பிறகுதான் உண்மையான வியாபாரம் தொடங்கும்: "இந்தச் சாதாரணப் படங்களை எனக்குத் தாருங்கள், பதிலுக்கு உலகப் பிரசித்தமான ஒன்றைத் தருகிறேன்."

ஆரையம்பதியில் இருக்கும் என் மாமாவிடம் அப்படித்தான் நடந்தது. மாமாவின் பாட்டனார் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன படங்கள் சில அவர் கைக்கு வந்து, ஒரு ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பெட்டி தப்புவதே பெரிய விசயம். 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போன அல்பங்கள் எத்தனை, 2004 இல் கடலோடு போனவை எத்தனை. அந்தப் பெட்டியை நான் லீவு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியலிட்டு வந்தேன். பாதி முடிந்திருந்தது. வேலை விசயமாக நான் கொழும்பில் நின்ற நேரம் பார்த்து அவர் வந்திருக்கிறார்.

மாமா போனில் சந்தோசமாகச் சொன்னார்: "மருமகன், கோல்புறூக் கமரூன் எண்டு படிச்சம்தானே, அந்தக் கமரூனுட மனுசி எடுத்த படமாம். மட்டக்களப்பில வச்சே எடுத்ததாம். சேட்டிபிக்கட்டும் இருக்கு." அதற்காகப் பெட்டியில் இருந்த படங்களில் ஒரு கட்டும், மேலதிகமாக 45,000 ரூபாயும் கைமாறியிருந்தன.

கதையில் பாதி உண்மை இருப்பதுதான் இங்கே ஆபத்து. ஜூலியா மார்கரட் கமரூன் கற்பனைப் பெயரல்ல. 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் கொடுத்த கமராவோடு படம்பிடிக்கத் தொடங்கி, கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகளான டார்வின், ஹேர்ஷல் போன்றவர்களின் முகங்களை எடுத்தவர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன், நாம் சரித்திரப் பாடத்தில் இராசகாரியம் என்ற கட்டாய ஊழிய ஒழிப்போடு சேர்த்து மனப்பாடம் செய்த அதே கோல்புறூக் கமரூன் ஆணைக்குழுக்காரர்தான். குடும்பத்துக்கு மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் இருவரும் இலங்கைக்கே குடிவந்தார்கள். கப்பலில் ஒரு பசுவையும், தேவைப்படும் என்று சவப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்வார்கள். களுத்துறையில் இருந்து உள்ளூர் ஆட்களைப் படம் எடுத்தார். 1877 இல் அங்கே போய்த் தங்கிய மரியான் நோர்த் என்ற ஓவியரையும் எடுத்தார். 1879 ஜனவரி 26 இல் இங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்ததாக இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

ஆகவே "இலங்கையில் எடுத்த கமரூன் படம்" என்று ஒருவர் சொன்னால், அப்படி ஒரு பொருளே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் முப்பதுக்கும் குறைவானதில் ஒன்று ஆரையம்பதிக்கு நடந்து வந்து, அதை ஒருவர் பண்டமாற்றுக்கும் கொடுக்கிறார் என்றால் யோசிக்க வேண்டும்தானே.

சேட்டிபிக்கட்டை முதலில் பார்த்தேன். அழகான தடித்த காகிதம், பொன் நிற ஓரம், சிவப்பு முத்திரை. படம் எடுத்த ஆண்டு 1872 என்று போட்டிருந்தது. அம்மையார் இலங்கைக்கு வர இன்னும் மூன்று ஆண்டு கிடக்கிறது. "உலகப் பட்டியல் இலக்கம் 1347" என்றும் இருந்தது. கமரூனின் அறியப்பட்ட படங்கள் எல்லாவற்றையும் தொகுத்து ஜூலியன் கொக்ஸ், கொலின் போர்ட் என்ற இருவர் 2003 இல் ஒரு பெரும் பட்டியல் வெளியிட்டார்கள். சேகரிப்பவர்கள் இலக்கம் சொன்னால் அந்தப் பட்டியலைத்தான் சொல்வார்கள். அது 1222 ஓடு முடிகிறது.

சேட்டிபிக்கட் பொய் என்பதால் மட்டும் படம் பொய்யாகிவிடாது. அறிவில்லாத ஒருவர் நல்ல படத்துக்கும் தப்பான காகிதம் எழுதலாம். அதனால் படத்தைப் பார்த்தேன்.

அந்தக் காலத்து அல்பியூமன் அச்சு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் பாதிப் பொய் அங்கேயே உதிரும். மெல்லிய காகிதத்தில் உப்புக் கலந்த முட்டை வெள்ளைக்கருவைப் பூசுவார்கள். காய்ந்ததும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் மிதக்கவிடுவார்கள். மேலே கண்ணாடி நெகட்டிவை வைத்து வெயிலில் பிடிப்பார்கள். உருவம் வெயிலிலேயே எழும்பிவரும். பிறகு தங்க உப்பில் தோய்த்து நிறம் ஏற்றி, ஹைப்போ என்ற உப்புக் கரைசலில் நிலைப்படுத்துவார்கள். இப்படி வந்த காகிதம் சுருளும். அதனால் தடித்த அட்டையில் ஒட்டித்தான் வைப்பார்கள். நெகட்டிவை நேரே வைத்து அச்செடுப்பதால் படம் கண்ணாடியின் அளவுதான் வரும், ஓரத்தைக் கையால் வெட்டுவார்கள். கமரூன் பின்னாளில் பாவித்த கண்ணாடி ஏறக்குறைய 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். மாமாவிடம் வந்தது 29.7 சென்ரிமீற்றருக்கு 21. போட்டோகொப்பிக் கடையில் ஏ4 என்று கேட்டால் தருவார்களே, அச்சொட்டாக அது.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி. பத்து மடங்கு பெருக்கும் சின்னக் கண்ணாடி போதும், நகைக் கடைக்காரரிடம் இருக்கும். உண்மையான அல்பியூமன் அச்சில் நிறம் தொடர்ச்சியாக ஓடும். அடியில் காகித நார் தெரியும், மேலே மயிரிழை வெடிப்புகள் தெரியும். எங்கேயும் புள்ளி இருக்காது. இதில் நீலம், ரோசா, மஞ்சள் என்று பொடிப்பொடிப் புள்ளிகள். இங்க்ஜெட் பிரிண்டர்.

பிறகு, காசு பார்க்கும் ஊதா விளக்கு. வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பிடித்தால் காகிதம் நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. காகிதத்துக்கு வெண்மை ஏற்றும் அந்த இரசாயனம் 1950 களுக்குப் பிறகுதான் பரவலாக வந்தது. 1870 களின் காகிதம் அப்படி ஒளிராது. ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும், அந்த இரசாயனம் இல்லாத புதுக் காகிதமும் விற்பனைக்கு இருக்கிறது.

பழமைக்காகத் தேயிலைச் சாயம் பூசியிருந்தார்கள். முன்னும் பின்னும் ஒரே சீரான பழுப்பு. அசல் அச்சு அப்படி மங்காது. வெள்ளைப் பகுதிகள் முதலில் மஞ்சளடிக்கும், விபரங்கள் அங்கேதான் முதலில் அழியும், இருண்ட பகுதிகள் பெரும்பாலும் ஊதா கலந்த கபிலமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். கமரூன் குடும்பத்தின் தோட்டங்கள் கோப்பித் தோட்டங்கள் என்றாவது தெரிந்திருந்தால் கோப்பியைப் பூசியிருப்பார்.

எனக்கு ஆகவும் பிடித்த சான்று இனித்தான் வருகிறது. கமரூனின் படங்களில் கீறல், வெடிப்பு, விரல் அடையாளம், கண்ணாடியில் பூசிய கொலோடியன் பசை வழிந்த சுழி எல்லாம் இருக்கும். அந்தக் காலத்து விமர்சகர்கள் அதற்காகவே அவரைக் கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. நம்ம ஆள் இதைப் படித்து வைத்திருக்கிறார். படம் தெளிவில்லாமல் இருக்கிறதே என்றால் "அதுதான் கமரூனின் பாணி" என்கிறார், கறை இருக்கிறதே என்றாலும் அதே பதில். ஆனால் கறையில் இரண்டு வகை உண்டு. கண்ணாடி நெகட்டிவில் உள்ள கீறல் அதிலிருந்து எடுத்த எல்லா அச்சிலும் அதே இடத்தில் வரும். காகிதத்தில் விழுந்த மடிப்பும் ஈரக்கறையும் கிழிசலும் அந்த ஒரே அச்சுக்குச் சொந்தம். அருங்காட்சியகங்கள் பல தங்களிடம் உள்ள கமரூன் படங்களைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. தேடினேன். களுத்துறையில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. மாமாவின் படத்தின் மூலையில் இருந்த மடிப்பும் அதைச் சுற்றிய ஈரக்கறையும் அப்படியே அதில் இருந்தன. மாமாவின் காகிதத்தைத் தடவிப் பார்த்தேன். மடிப்பே இல்லை, மடிப்பின் படம்தான் இருந்தது. கீழே கையெழுத்தும் அதேபோல அச்சடித்த கையெழுத்து, பேனை பட்ட தடமில்லை.

ஆளுக்குப் போன் எடுத்தேன். முதலில், "தம்பி, நீங்க இத்துறையில் புதுசு." புள்ளியைப் பற்றிச் சொன்னதும் கதை மாறியது: "இது கார்பன் அச்சு, அதில் புள்ளி வரும்." வராது. ஒட்டோடைப் கம்பனி 1875 அளவில் கமரூனின் கிட்டத்தட்ட எழுபது படங்களைக் கார்பன் முறையில் அச்சிட்டது உண்மை. ஆனால் அந்த முறையில் ஜெலற்றின்தான் உருவத்தைத் தாங்குகிறது. சரித்துப் பிடித்தால் இருண்ட இடங்கள் கொஞ்சம் மேடாகத் தெரியும், புள்ளி கிடையாது. அதையும் சொன்னேன். மறுகா, "சஞ்சிகையில் வந்த கிராவியூர்" என்றார், அதாவது செப்புத் தகட்டிலிருந்து மையால் அச்சிட்ட படம். 1913 இல் நியூயோர்க்கின் கமரா வேர்க் சஞ்சிகையில் கமரூன் படங்கள் சில வந்தன. எல்லாம் இங்கிலாந்தில் எடுத்த முகங்கள், இலங்கைப் படம் ஒன்றும் அதில் இல்லை. அதற்குப் பிறகு போன் வேலை செய்யவில்லை.

45,000 ரூபாய் போனதை மாமா தாங்கிக்கொண்டார். தாங்கமுடியாதது பெட்டியிலிருந்து போனவை. அவர் "சாதாரணப் படங்கள்" என்று எடுத்துப்போன கட்டில் ஸ்கீன், ஸ்கோவன் கம்பனிகளின் அசல் அல்பியூமன் அச்சுகள் இருந்தன. 19 ஆம் நூற்றாண்டில் கொழும்பிலும் கண்டியிலும் தொழில் செய்த படப்பிடிப்பாளர்கள் இவர்கள். படத்தின் கீழ் மூலையில் நெகட்டிவிலேயே எழுதிய பெயரும் இலக்கமும் சின்னதாக வெள்ளையில் தெரியும். பெட்டி வைத்திருப்பவர்கள் இப்போதே எடுத்து மூலைகளைப் பாருங்கள். அவருக்கு அந்த இலக்கத்தின் பெறுமதி தெரியும், எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. அவருடைய வியாபாரமே அந்த வித்தியாசத்தில்தான் ஓடுகிறது.

பொலிஸில் முறைப்பாடு போட்டோம். நான் பட்டியலிட்டிருந்த படங்களுக்கு எல்லாம் இருந்தது: முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்த படம், அச்சின் அளவும் அட்டையின் அளவும் தனித்தனியே மில்லிமீற்றரில், எந்த மூலையில் எந்தப் பூச்சி அரித்தது, பின்னால் யார் என்ன எழுதினார்கள் என்ற விபரம். அதைக் காட்டியதும் ஒரு தரகர் மூலம் அந்தப் படங்கள் மட்டும் கூரியரில் வந்தன. பட்டியலிடாத பாதிக்கு, "இது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்விதான் வந்தது.

வந்தவையும் முழுசாக வரவில்லை. "பட்டியல் போட்டுத் தாறன்" என்றாரே, போட்டிருக்கிறார்: படத்தின் முன்பக்கத்திலேயே ஸ்டிக்கர், பின்னால் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதிய இலக்கம். அந்த அழுத்தம் முன்பக்கத்தில் ஒருவருடைய கன்னத்தில் மேடாகத் தெரிகிறது. மாமாவின் பாட்டனார் கச்சேரி ஊழியர்களோடு நிற்கும் படத்தைச் சூடாக்கி லெமினேற் பண்ணியிருக்கிறார். அதை இனிப் பிரித்தெடுக்க முடியாது. இலக்கம் எழுதவேண்டும் என்றால் அட்டையின் பின்பக்க ஓரத்தில், மென்மையான பென்சிலால், மெதுவாக எழுதுங்கள். எங்களூர் மாரிகாலத்து ஈரப்பதனுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டும் அல்பத்தைவிட அமிலமில்லாத காகித உறை நல்லது. யாராவது இலவசமாகச் செய்து தருகிறேன் என்றால் உங்கள் வீட்டு மேசையில், உங்கள் கண்முன்னே செய்யட்டும். படம் வாசலைத் தாண்டக்கூடாது.

அந்த ஆள் இப்போது வேறு பெயரில் முகநூலில் இருப்பதாகச் சம்மாந்துறையில் ஒருவர் சொன்னார். அங்கே கமரூனுக்குப் பதில் வேறொரு பெயரைச் சொல்லியிருக்கிறார். சேட்டிபிக்கட்டின் பொன் ஓரமும் சிவப்பு முத்திரையும் மட்டும் மாறவில்லை.

இன்னும் வராதவை இவை. எங்காவது விற்பனைக்கு வந்தால், குழுவில் யாராவது பெருமையாகப் போட்டால், எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.

ஒன்று, மட்டக்களப்புக் கோட்டையை வாவிப் பக்கமிருந்து எடுத்தது. முன்னால் இரண்டு வள்ளம், ஒன்றில் குடை பிடித்தபடி ஒருவர். வலது கீழ் மூலையில் வெள்ளையில் இலக்கம், கடைசி எண் 7. அட்டையின் இடது ஓரம் கறையான் அரித்தது.

இரண்டு, தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிக்கும் ஆட்கள். அட்டை இல்லை, சுருண்டிருக்கும். பின்னால் பென்சிலில் தமிழில் "பெரிய ஐயா தந்தது" என்று எழுதியிருக்கும்.

மூன்று, தோடும் அட்டியலும் போட்ட ஒரு பெண், நாற்காலியில். கம்பனிப் பெயர் இல்லை. நடுவில் குறுக்கே ஒரு மடிப்பு, அது அவருடைய வலது கை மணிக்கட்டுக்கு மேலாகப் போகிறது. தடவினால் கையில் தட்டுப்படும்.